ஒரே மெட்டு, கொஞ்சம் விலகிய சுருதி: சிந்தசைசர் ஒலியை அடுக்கியவர்களின் அனுபவங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து, வீட்டிலேயே இசைப்பதிவு செய்பவர்:

கணினியில் ஒரு டிராக்கை நகலெடுத்து அதன் கீழேயே ஒட்டினால் ஒலி தடிமனாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆகாது. அச்சு அசலான இரண்டு நகல்கள் சேர்ந்தால் 6 டெசிபல் சத்தம் கூடும், அவ்வளவுதான். அதற்கு வால்யூம் குமிழைத் திருகினாலே போதுமே! ஒலி நிறைவாக வேண்டுமென்றால் இரண்டாவது பதிவு முதலாவதிலிருந்து ஏதோ ஒரு வகையில் மாறுபட வேண்டும். எதில் மாற வேண்டும், எவ்வளவு மாறலாம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

என்னிடம் இருப்பது ஒற்றை ஆஸிலேட்டர் (ஒலியைப் பிறப்பிக்கும் மின்சுற்று) கொண்ட சின்ன அனலாக் சிந்தசைசர். பழையது, கைமாறி வந்தது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். 1970இல் வந்த மினிமூக் சிந்தசைசரில்கூட மூன்று ஆஸிலேட்டர்கள் உண்டு. மூன்றையும் இம்மியளவு விலக்கி வைத்தால் ஒரே கட்டையை அழுத்தினாலும் ஒலி புரண்டு புரண்டு வரும். என்னிடம் அந்த வசதி இல்லை. ஒரு கானா பாடகர் என் பின்னணியைக் கேட்டுவிட்டு, "அண்ணே, பாட்டு நன்றாக இருக்கிறது, பின்னால் மட்டும் ஏதோ கொசு பாடுகிறது" என்றார். நியாயமான விமர்சனம்தான். இல்லாத ஆஸிலேட்டர்களைப் பதிவிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று இறங்கினேன்.

செய்முறை எளிது. முதல் பதிவைச் சரியான சுருதியில் வாசிக்கிறேன். பிறகு சிந்தசைசரின் ஃபைன் டியூன் குமிழை 7 சென்ட் ஏற்றிவிட்டு அதே மெட்டை மீண்டும் வாசிக்கிறேன். மூன்றாவது முறை 7 சென்ட் இறக்கி. ஹார்மோனியத்தில் கறுப்பையும் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம் 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 7 சென்ட் எவ்வளவு சிறியது என்பது புரியும். தனியாகக் கேட்டால் சுருதி பிசகியதாகவே தெரியாது. மூன்றும் சேரும்போதுதான் ஒலிக்குள் ஒரு நடமாட்டம் தொடங்கும்.

ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து வாசிக்க வேண்டுமா, ஒரு பதிவை நகலெடுத்து மென்பொருளில் சுருதியை நகர்த்தினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். செய்து பாருங்கள். நகல்கள் எல்லாம் ஸ்வரத்தின் ஆரம்பத்தில் ஒரே புள்ளியில் கிளம்புகின்றன. அதனால் ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்கும்போது 'ஷ்யூ' என்று ஒரே மாதிரி இழுவை வரும். நாலு முறை கேட்டால் காது கண்டுபிடித்துவிடும். கையால் வாசித்த மூன்று பதிவுகளில் ஆஸிலேட்டர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும். விரலும் கடிகாரம் அல்ல, முன்னே பின்னே விழும். அந்தச் சின்ன ஒழுங்கின்மைக்காகத்தான் இத்தனை பாடு.

நான் இன்னொன்றும் செய்கிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஃபில்டரை, அதாவது ஒலியின் பளிச்சைக் கூட்டிக் குறைக்கும் பகுதியை, சற்று வேறு இடத்தில் வைப்பேன். நடுவில் ஒலிக்கும் முதல் பதிவு பளிச்சென்று, இடம் வலம் ஓரங்களில் ஒலிக்கும் மற்ற இரண்டும் கொஞ்சம் மங்கலாக. சுருதி விலக்கம் மட்டுமே தரும் தடிமனில் ஒரு பளபளப்பு இருக்கும். எனக்கு அது சீக்கிரம் திகட்டிவிடும்.

ராயபுரத்திலிருந்து, தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஹார்மோனியம் வாசிப்பவர்:

தம்பி, இந்தக் கலையை உங்கள் மின்சாரப் பெட்டிகள் கண்டுபிடிக்கவில்லை. என் அப்பா ஹார்மோனியம் பழுது பார்த்தவர். சில பெட்டிகளில் ஒரே ஸ்தாயியில் இரண்டு வரிசை ரீடுகள் இருக்கும். இரண்டையும் அச்சாக ஒரே சுருதியில் வைத்தால் ஒலி தட்டையாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்வார்; ஒரு வரிசையை மயிரிழை ஏற்றி வைத்தால் 'ஆஹா, பெட்டி பேசுகிறது' என்பார். பித்தளை ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடிப்பக்கம் ஆணி அடித்த இடத்தருகே சுரண்டினால் இறங்கும். அப்பா இரண்டு ரீடையும் சேர்த்து ஊதவைத்து, ஒலி எத்தனை முறை எழுந்து தணிகிறது என்று விரலால் மேசையில் தட்டிக் கணக்குப் பார்ப்பார். பள்ளி இயற்பியல் புத்தகத்தில் விம்மல்கள் என்று படித்தோமே, அதுதான். அவர் அந்தப் பாடத்தைப் படித்தவர் இல்லை.

அக்கார்டியனிலும் இதே ஏற்பாடு உண்டு. பாலித் தீவின் கமெலான் இசையில் வாத்தியங்களையே ஜோடி ஜோடியாகச் செய்கிறார்கள். ஒன்று சற்றுத் தாழ்ந்தும் மற்றது சற்று உயர்ந்தும் இருக்கும். தனித்தனியாக அடித்தால் உயிரில்லாமல் இருக்கும், சேர்ந்தால்தான் ஒலி அலைபாயும்.

என் பங்குக்கு ஒரு வழி. ஹார்மோனியத்தில் ஃபைன் டியூன் குமிழ் கிடையாது. சிந்தசைசரோடு சேர்த்து ஹார்மோனியத்தையும் அடுக்க வேண்டும் என்று ஆசை வந்தபோது, பழைய டேப் காலத்து உத்தியைப் பிடித்துக்கொண்டேன். பாட்டையே அரை சதவீதம் மெதுவாக ஓடவிட்டு, அதோடு சேர்ந்து என் சாதாரணச் சுருதியில் வாசித்துப் பதிவு செய்வது. பிறகு வேகத்தை இயல்புக்குக் கொண்டுவந்தால் நான் வாசித்தது ஏறத்தாழ 9 சென்ட் உயர்ந்து நிற்கும். தாளமும் பிசகாது, ஏனென்றால் மெதுவான பாட்டோடுதானே வாசித்தேன். இறக்க வேண்டுமென்றால் பாட்டை அரை சதவீதம் வேகமாக ஓட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: வேகத்தை மாற்றும்போது சுருதியும் சேர்ந்து மாறும் வகையைத் தேர்ந்தெடுங்கள். சுருதியைக் கட்டிக்காக்கிற வகையைத் தேர்ந்தால் பயனே இல்லை.

முடித்த பதிவை எடுத்து அரை சதவீதம் வேகமாக்கி அடியில் வைக்கலாமே என்று ஒரு பையன் கேட்டான். மூன்று நிமிடப் பாட்டில் முடிவுக்கு வரும்போது கிட்டத்தட்ட ஒரு விநாடி முந்திப் போயிருக்கும். ஒரு ஸ்வரத்துக்குச் சரி, ஒரு பாட்டுக்கு ஆகாது.

காசிமேட்டிலிருந்து:

நான் இசைக்காரன் அல்ல, படிக்க மட்டும் வந்தேன். விம்மல் என்றதும் துறைமுகம் நினைவுக்கு வந்தது. இரண்டு விசைப்படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று டீசல் எஞ்சினை ஓடவிட்டால், இரண்டின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற நேரத்தில் சத்தம் பெருகும், அடங்கும், பெருகும். ஒரு எஞ்சினை நிறுத்தினால் அது நின்றுவிடும். இதற்கும் நீங்கள் பேசுவதற்கும் சம்பந்தம் உண்டா?

தண்டையார்பேட்டை:

சம்பந்தம் என்ன, அதேதான். நல்ல காது ஐயா உங்களுக்கு. படகைச் சொன்னதால் கீழ்ச் சுருதியில் வரும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 10 சென்ட் விலக்கினால், 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் விநாடிக்கு இரண்டரை முறை ஒலி எழுந்து தணியும். காதுக்கு இதமான அலைவு. அதே 10 சென்டை மூன்று ஸ்தாயி கீழே, 55 ஹெர்ட்ஸில் வைத்தால் ஒரு முறை எழுந்து தணியவே 3 விநாடி பிடிக்கும். மெதுவான பாட்டில்கூட 3 விநாடிக்குள் பேஸ் ஸ்வரம் இரண்டு மூன்று மாறிவிடும். அலைவாகத் தெரியாது, சில ஸ்வரங்கள் பலமாகவும் சில ஸ்வரங்கள் காணாமலும் போனது போலத்தான் தெரியும். கேட்கிறவர் பேஸ் வாசித்தவனைத் திட்டுவார். மேல் ஸ்தாயியில் நேர் எதிர்: 1760 ஹெர்ட்ஸில் விநாடிக்குப் பத்து முறை, நடுக்கமாகிவிடும். ஆகவே மேலே போகப் போகச் சென்டைக் குறைக்கிறேன். பேஸை அடுக்குவதே இல்லை. ஓரத்து அடுக்குகளில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் உள்ள ஒற்றைப் பதிவை மட்டும் கீழே இறங்கவிடுகிறேன்.

வியாசர்பாடியிலிருந்து, மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்:

நீங்கள் எல்லாரும் ஹெட்ஃபோனில் கேட்டு மகிழ்கிறவர்கள். எங்கள் பாட்டு ஒலிக்கிற இடத்துக்கு வாருங்கள். ஆடி மாதம், அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள், தெருமுனைக் கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி. அதில் இடம் வலம் என்ற பேச்சே இல்லை. கீழ்ச் சுருதியும் ஏறாது. ஒரு நிகழ்ச்சிக்கு வெளியிலிருந்து வந்த பின்னணி டிராக்கில் சிந்தசைசரை இரண்டாக அடுக்கி, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றொன்றை முழுக்க வலப்பக்கமும் தள்ளியிருந்தார்கள். அலைபேசியில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டபோது கடல் மாதிரி விரிந்தது. கம்பத்தில் ஏறியதும் நீண்ட ஸ்வரங்கள் எல்லாம் பாதியில் மூச்சடைத்து, திரும்ப வந்து, மறுபடி அடைத்தன. பல்லவிக்கு முன்னால் வருகிற இழுப்பில் ஒலி போன இடம் தெரியவில்லை. பாடுகிற தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கை கட்டி நின்றுகொண்டிருந்தேன், டிராக் அல்லவா ஓடுகிறது!

காரணம் நீங்கள் சொன்ன கணக்குதான். சம அளவுள்ள இரண்டு பதிவுகளை ஒரே ஒலிபெருக்கியில் கலந்தால், விம்மலின் அடிப்பள்ளத்தில் இரண்டும் ஒன்றையொன்று முழுதாக அடித்துவிடும். இடம் வலமாக இருக்கும்வரை காது அதை அகலமாக எடுத்துக்கொள்கிறது. இடமும் வலமும் ஒன்றாகக் கலந்த மோனோவில் அது வெறும் பள்ளம்.

அன்றிலிருந்து நான் பார்க்கிற வேலைகளில் நடுவில் ஒரு பதிவு கட்டாயம். ஓரத்தில் இருக்கும் இரண்டும் அதன் அளவில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். அப்படியானால் இரண்டும் சேர்ந்து எதிர்த்தாலும் நடுவில் உள்ளதை மறைக்க முடியாது; அலைவு இருக்கும், அடைப்பு இருக்காது. கலந்து முடித்ததும் மோனோ பொத்தானை அழுத்தி ஒரு முறை முழுப் பாட்டையும் கேட்கிறேன். ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு அகலம் சற்றுக் குறையும். குறையட்டும். வடசென்னையில் பாட்டு கேட்கிறவர்களில் பாதிப்பேர் ஆட்டோவிலும் அலைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரிலும் தெருக்கம்பத்திலும்தான் கேட்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பெரம்பூரிலிருந்து:

எல்லாம் சரி, ஆனால் எதற்கு இந்த உழைப்பு என்றுதான் எனக்குப் புரியவில்லை. ரோலண்ட் ஜேபி-8000 சிந்தசைசர் தொண்ணூறுகளிலேயே சூப்பர்சா என்ற பெயரில் ஏழு ரம்பப்பல் வடிவ ஒலி அலைகளை ஒரே ஆஸிலேட்டரில் அடுக்கிக் கொடுத்துவிட்டது. ஒரு குமிழ் விலக்கத்துக்கு, ஒரு குமிழ் கலவைக்கு. இன்றைக்கு இலவச மென்பொருள் சிந்தசைசரிலும் அந்த வசதி இருக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் கோரஸ் போடுங்கள், ஒலியின் சற்றே விலகிய நகலை அதுவே உண்டாக்கிச் சேர்த்துவிடும். 1982இல் வந்த ஜூனோ-60 சிந்தசைசரில் ஒலிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே ஆஸிலேட்டர்தான். அந்தக் கோரஸ் பொத்தான் ஒன்றை வைத்துக்கொண்டே அது இன்றுவரை பேர் வாங்குகிறது. குரலை இரண்டு முறை பாடிப் பதிவதில் பீட்டில்ஸ் குழுவின் லெனனுக்கு அலுப்பு வந்து, 1966இல் அபே ரோடு ஸ்டூடியோவில் ஒலிப்பொறியாளர் கென் டவுன்செண்ட் டேப்பைக் கொண்டே இரண்டாவது குரலை உண்டாக்கினாரே! அலுப்பிலிருந்துதான் நல்ல கருவிகள் வருகின்றன.

தண்டையார்பேட்டை:

அண்ணா, கருவிகள் மீது எனக்குக் கோபம் இல்லை, காசு இல்லை. அது ஒருபுறம். கோரஸில் வருகிற அலைவு ஒரே சீராகச் சுற்றிச் சுற்றி வரும். பாட்டு எங்கே போனாலும் அது தன் வேகத்தில் போகும். நிறைய பாட்டுக்கு அதுவே அழகு. ஜூனோவின் கோரஸை நான் குறை சொல்லமாட்டேன். சூப்பர்சாவிலும் ஏழு அலைகள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வேறு வேறு இடத்தில் கிளம்பும்படிதான் செய்திருக்கிறார்கள். நான் கையால் செய்வதை அவர்கள் சில்லில் செய்துவிட்டார்கள். ஆனால் அங்கே ஏழும் ஒரே ஃபில்டருக்குள் நுழைந்து ஒரே வடிவத்தில் வெளியே வருகின்றன. தனித்தனியாக வாசித்த பதிவில் ஒன்று ஃபில்டர் திறந்தும், ஒன்று மூடியும், ஒன்று ஸ்வரத்தைச் சற்று முன்னதாகவே விட்டுவிட்டும் இருக்கும். எனக்கு வேண்டியது அது.

கானாவுக்கு இதில் எவ்வளவு தேவை என்பது வேறு கேள்வி. டோலக்கும் குரலும் முன்னால் நிற்கிற பாட்டில் இத்தனை அகலமான சிந்தசைசரை நிறுத்தினால் குரலுக்கு இடம் இருக்காது. நான் சரணத்தில் நடுப்பதிவை மட்டும் வைத்துவிட்டு, பல்லவி திரும்பும்போது ஓரங்களைத் திறக்கிறேன். குரலை அடுக்குவதில்லை. கானாவில் வார்த்தைதான் பெரியது. இரண்டு குரல் சேர்ந்தால் மெய்யெழுத்துகள் மழுங்கிவிடுகின்றன.

ராயபுரம்:

தம்பி, ஒரு சந்தேகம். உங்கள் அனலாக் பெட்டி மே மாதத்தில் சுருதி நிற்கிறதா? என் பெட்டியில் துருத்தியை அழுத்தி ஊதினாலே இம்மி மாறுகிறது.

தண்டையார்பேட்டை:

நிற்காது, அக்கா. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை. மதியத்தில் அடுப்புக்குள் இருக்கிற மாதிரி வேகும். பதிவின்போது மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும், இரைச்சல் விழும். அறை சூடாகச் சூடாக ஆஸிலேட்டர் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் பெட்டியை முன்கூட்டியே ஓடவிட்டு, அது ஒரு நிலைக்கு வந்த பிறகே முதல் பதிவை எடுக்கிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ட்யூனரில் பார்க்கிறேன், குமிழின் கோட்டை நம்புவதில்லை. அதற்குப் பிறகு பாட்டின் நடுவில் ஒன்றிரண்டு சென்ட் நகர்ந்தால் விட்டுவிடுகிறேன். மூன்று பதிவும் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தால் மட்டும் மீண்டும் வாசிக்க வேண்டும். ஏனென்றால் அப்போது அடுக்குகளுக்கு இடையே உள்ள தூரம் மாறாமல், மொத்தமும் பாடகரின் சுருதியை விட்டு விலகிப் போயிருக்கும்.