போதை மீட்பு ஆலோசகர் ஆக எந்தச் சான்றிதழ் எடுக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு மதுரைப் பக்கம் ஒரு குடிபோதை மறுவாழ்வு மையத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்து முறைப்படி தகுதி பெற்ற ஆலோசகராக வேண்டும் என்று ஆசை.

எங்கள் மையத்தில் குடியை விட்டுப் பல வருடம் ஆன ஒரு அண்ணன் இருக்கிறார். புதிதாக வந்தவருக்குக் கை நடுங்கினால், டம்ளரில் பாதி மட்டும் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார். அதெல்லாம் படித்து வருவதில்லை, சரிதான். ஆனால் நேர்காணலில் காகிதம் கேட்கிறார்களே!

மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும், சமூகப்பணி படித்த எனக்கு அது ஒத்துவராது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் சமூகப் பணியாளர்களும் வருகிறார்கள். தமிழ்நாட்டில் யாராவது அதன்படி பதிவு செய்திருக்கிறீர்களா?

அப்புறம், கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு அரசுகளின் அமைப்பு தொடங்கிவைத்த ஐகேப் (ICAP) தேர்வு, அதாவது போதை மீட்புத் துறையில் வேலை செய்பவர்களுக்கான சர்வதேசச் சான்றிதழ். பயிற்சி நேரம், வேலை அனுபவம் இரண்டுக்கும் சான்று காட்ட வேண்டுமாம். எழுதியவர்கள் இருந்தால், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், மொத்தச் செலவு எவ்வளவு, இங்கே வேலைக்கு அதை மதிக்கிறார்களா என்று சொல்லுங்கள். வேலையை விடாமல் படிக்க முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியம்.