வேறை வருத்தத்துக்கு எடுத்த சி.ரி. ஸ்கானில எலும்புத் தேய்வு (எலும்பின்ர அடர்த்தி குறையிறது) தெரிஞ்சவை இருக்கிறியளா?

உப்புவெளியிலிருந்து:
அம்மாவுக்கு 68 வயது. சிறுநீரகக் கல் எண்டு வயித்துக்கு சி.ரி. ஸ்கான் எடுத்தம். கல் சின்னன், தானாகவே போயிட்டுது. ஆனா படத்தைப் பார்த்த டொக்டர் முள்ளந்தண்டிலதான் கனநேரம் நிண்டவர். "அம்மா முந்தியிலும் பார்க்கக் கட்டையாகிட்டாவோ?" எண்டு கேட்டார். ஓம், சாமித்தட்டு விளக்கு இப்ப அவவுக்கு எட்டுறேல்ல. வயசு போனா அப்பிடித்தானே எண்டு வீட்டில எல்லாரும் இருந்திட்டம்.

பக்கவாட்டுப் படத்தில ஒரு முள்ளெலும்பின்ர முன்பக்கம் ஆப்பு மாதிரி நசிஞ்சிருந்தது. அம்மா எங்கயும் விழேல்ல. நாரி நோவுக்குச் சித்தாலேப பூசிக்கொண்டு சமைச்சவ. முறிஞ்ச எலும்போட நடமாடியிருக்கிறா எண்டு நினைக்க இப்பவும் நெஞ்சு பதறுது.

டொக்டர் எல்1 எண்ட, நாரிப்பக்கத்து முதலாவது முள்ளெலும்பின்ர நடுவில, வெளிக்கோதில படாமல் ஒரு வட்டம் போட்டு அளந்தார். ஸ்கான் அடர்த்தியை எண்ணில காட்டும்: தண்ணிக்கு 0, காத்துக்கு -1000. ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவு எண்டு பேர். எல்1இல 160க்கு மேல எண்டால் தேய்வு இருக்கிற வாய்ப்புக் குறைவு, 110க்குக் கீழ எண்டால் கட்டாயம் கவனிக்கவேணும். அம்மாவுக்கு 92. முறிவும் இருந்ததால, எலும்பு அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கானுக்குக் காத்திராமல் எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒருக்கா குடிக்கிற அலென்ட்ரோனேட் குளிசை தொடங்கிட்டினம். வெறுவயித்தில நிறையத் தண்ணியோட குடிச்சிட்டு, அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது.

சாம்பல்தீவிலிருந்து:
எங்கட அப்பாவுக்கு டெக்ஸாவில முள்ளந்தண்டு நல்லாயிருக்கெண்டுதான் வந்தது. முட்டு வருத்தத்துக்கு (ஆஸ்துமா) கனகாலம் பிரெட்னிசலோன் எண்ட, எலும்பைப் பலவீனமாக்கக்கூடிய ஸ்டீரொய்ட் மருந்து குடிச்சவர், அதால டொக்டருக்கு அதில நம்பிக்கை வரேல்ல. பிறகு வேறை தேவைக்கு எடுத்த சி.ரி.யில பார்த்தால் உள்ளெலும்பு நல்லாக் குறைஞ்சிருக்கு. டெக்ஸா முன்னுக்குப் பின்னுக்கு இருக்கிற எல்லாத்தையும் சேர்த்துத்தான் அளக்கும். பெருநாடியில படிஞ்ச சுண்ணாம்பும் எலும்பு ஓரத்தில வளர்ந்த முள்ளும் அளவைக் கூட்டிக் காட்டியிருக்கு. இது பொம்பிளையளின்ர வருத்தம் எண்டு ஆம்பிளையளை விட்டிடாதேங்கோ.

மூதூரிலிருந்து:
உம்மாவும் நாரி நோகுது எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறா. இதுக்கெண்டே ஒரு சி.ரி. எடுத்துப் பார்க்கலாமா?

பாலையூற்றிலிருந்து:
ஸ்கான் அறையில வேலை செய்யிறனான், அதால சொல்லுறன். இதுக்கெண்டு சாதாரண சி.ரி. கேட்காதேங்கோ. டெக்ஸாவிலும் பார்க்கக் கதிர்வீச்சு கனக்கக் கூட. 1994இல உலக சுகாதார நிறுவனம் வகுத்த -2.5 எண்ட ரி-ஸ்கோர் (இளம் வயதுக்காரரின்ர எலும்போட ஒப்பிட்டுச் சொல்லுற எண்) எல்லையும் டெக்ஸாவுக்குரியது, ஸ்கான் எண்ணோட அதைக் குழப்பக்கூடாது. உம்மாவை முதல்ல டொக்டரிட்டக் காட்டுங்கோ, முள்ளந்தண்டுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே நசிவு இருந்தால் தெரியலாம்.

ஆனா நெஞ்சுக்கோ வயித்துக்கோ முந்தி எடுத்த சி.ரி. வீட்டில கிடந்தால் படம் பதிஞ்ச அந்த சி.டி. தட்டைக் கொண்டுபோய், "முள்ளந்தண்டையும் ஒருக்காப் பாருங்கோ" எண்டு வாய்விட்டுக் கேளுங்கோ. கல்லுக்கெண்டு எழுதி வந்த படத்தில கல்லைத்தான் முதல் தேடுவினம், அவசரத்தில எலும்பைப் பற்றி ரிப்போர்ட்டில ஒண்டும் வராமல் போகலாம். புதுசாக் கதிர் படத் தேவையில்லை, எலும்பு ஏற்கெனவே அந்தப் படத்துக்குள்ள இருக்கு. ஊசியால மருந்து ஏத்தி எடுத்த ஸ்கானோ எண்டதையும் சொல்லுங்கோ, மருந்து ஏத்தினால் அந்த எண் கொஞ்சம் கூடித்தான் வரும்.