வழக்கை எங்கள் நாட்டில்தான் தொடுக்க வேண்டும் என்று கடை சொன்னபோது

நான் வசிப்பது ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில். ஒன்றியத்துக்கு வெளியே இயங்கும் இணையக் கடையொன்றில் வாங்கிய கேமரா லென்ஸில் சில மாதங்களிலேயே ஆட்டோஃபோகஸ் நின்றுபோனது. பழுதுபார்த்துத் தரும்படி எழுதினேன். வாங்கி 30 நாள்கள் கடந்துவிட்டால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றும், வழக்குத் தொடுப்பதானால் தங்கள் நாட்டுச் சட்டப்படி தங்கள் நாட்டு நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டும் என்று விதிமுறைகளில் நான் ஒப்புக்கொண்டிருப்பதாகவும் பதில் வந்தது. இதைப் படித்தவுடன் போனது போகட்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை.

வணிகர் தம் வியாபாரத்தை நுகர்வோர் வசிக்கும் நாட்டை நோக்கி நடத்தியிருந்தால், ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டத்தை எழுதியிருந்தாலும், நுகர்வோரின் நாட்டுச் சட்டம் தரும் கட்டாயப் பாதுகாப்பை அது பறிக்க முடியாது என்கிறது, ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று தீர்மானிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோம் 1 ஒழுங்குவிதியின் 6-ஆம் பிரிவு. அப்படிப்பட்ட நுகர்வோருக்குத் தாம் வசிக்கும் நாட்டிலேயே வழக்குத் தொடுக்கும் உரிமையை ஒன்றியத்தின் 2012-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் ஒழுங்குவிதி தருகிறது; தகராறு எழுவதற்கு முன்பே எழுதி வாங்கிய மாறான நிபந்தனை பொதுவாகச் செல்லாது.

ஆனால் ஒரு தளம் நம் நாட்டில் திறக்கிறது என்பதால் மட்டும் வியாபாரத்தை நம் நாட்டை நோக்கி நடத்தியதாக ஆகிவிடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010-இல் பாமர், ஹோட்டல் ஆல்பென்ஹோஃப் வழக்குகளில் தெளிவுபடுத்தியது. மொழி, நாணயம், நாட்டுக் குறியீட்டுடன் தரப்பட்ட தொலைபேசி எண் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்வார்கள். நான் வாங்கிய கடையின் சொந்த நாணயம் யூரோ அல்ல. இருந்தும் விலையை யூரோவில் காட்டியது, என் நாட்டு மொழியில் பக்கங்களை வைத்திருந்தது, அந்த நாட்டுக்கான டெலிவரி விவரத்தைத் தனிப் பக்கமாகவே கொடுத்திருந்தது. அவற்றின் ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்து, ஒன்றியத்தில் பொருளின் குறைகளுக்கு விற்பவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுச் சட்டப் பொறுப்பு உண்டு என்பதையும் குறிப்பிட்டு மீண்டும் எழுதினேன். பழுதுபார்க்க இசைந்தவர்கள், அனுப்பும் செலவை மட்டும் என் தலையில் கட்டப் பார்த்தார்கள். இலவசப் பழுதுபார்ப்பில் தபால் செலவும் அடங்கும் என்று பொருள் விற்பனை பற்றிய ஒன்றியத்தின் 2019/771 நெறியாணை சொல்வதைக் காட்டிய பிறகு அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் அசையாமல் இருந்திருந்தால் நிலைமை கடினம்தான். இங்கே தீர்ப்பு வாங்கினாலும், அதை விற்பவரின் நாடு அங்கீகரித்தால்தான் அங்கே பணம் வசூலாகும். அதனால்தான் முன்பின் தெரியாத வெளிநாட்டுக் கடைகளில் வங்கிப் பரிமாற்றத்தைத் தவிர்த்து, சார்ஜ்பேக் (செலுத்திய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கோர வழியுள்ள கார்டிலேயே பணம் செலுத்தும்படி வற்புறுத்துகிறேன்.

இந்தியாவில் வசிப்போருக்கு: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். 2020-இன் மின்வணிக விதிகள், இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து முறையாக விற்பனை செய்யும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும்.