கிரைண்ட்ஹவுஸ்: ஃபிலிம் எரிஞ்சா ரீல் எப்படிய்யா காணாமப் போகும்?

கார்பன்குச்சி:
பக்கத்து இழையில நம்ம இரண்டாவது_ஆட்டம் எழுதியிருக்கார்: //2007-ல ராட்ரிகஸும் டாரன்டினோவும் சேர்ந்து விட்ட கிரைண்ட்ஹவுஸ், எழுபதுகளோட மட்டமான தியேட்டர் அனுபவத்தை அச்சு அசலா கொண்டு வந்த படம். ஒரு இடம்கூட தப்பு சொல்ல முடியாது//

ஒரு இடம்கூடவாம்! சரி, ஒரே ஒரு இடம் கேக்கறேன். கிரைண்ட்ஹவுஸ்ங்கறது ஒரே டிக்கெட்டுக்கு ரெண்டு படம்: ராட்ரிகஸோட பிளானட் டெரர், டாரன்டினோவோட டெத் ப்ரூஃப். பிளானட் டெரர்ல ஹீரோ வ்ரேயும் ஹீரோயின் செர்ரியும் கட்டில்ல இருக்காங்க. ஃபிலிம் குமிழ் விட்டு எரியுது. உடனே 'ரீல் காணவில்லை'ன்னு தியேட்டர் நிர்வாகம் மன்னிப்பு கேக்கற அட்டை திரையில வருது. அட்டை போனதும் பார்பிக்யூ கடையே பத்தி எரியுது, எல்லாருக்கும் எல்லா ரகசியமும் தெரிஞ்சிருக்கு.

எரியறது வேற, காணாமப் போறது வேற. கேட்ல, அதாவது புரொஜெக்டர்ல லேம்ப் வெளிச்சம் ஃபிலிம் மேல விழற வாசல்ல, ஃபிலிம் சிக்கி நின்னா லேம்ப் சூட்டுல உருகறது ஒண்ணு ரெண்டு ஃப்ரேம். ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். ஆபரேட்டர் மெஷினை நிறுத்தி, கருகினதை ஃப்ரேம் கோட்டுல வெட்டி, ஒட்டு போட்டு, லூப் சரி பண்ணி மறுபடி ஓட்டுவார். ஜனங்க விசில் அடிச்சு முடிக்கறதுக்குள்ள படம் வந்துடும். போனது ஒரு செகண்டு கூட இல்ல. ஆனா 2,000 அடி ரீல்னா நிமிஷத்துக்கு 90 அடி வீதம் 22 நிமிஷம். ஒரு செகண்டு எரிஞ்சதுக்கு 22 நிமிஷம் எங்கே போச்சு?

இரண்டாவது_ஆட்டம்:
வந்துட்டாருய்யா, டேப்பை எடுத்துக்கிட்டு அடி அளக்க. அது ஜோக் தல. சூடான சீன் வர்ற நேரத்துல ஃபிலிமே சூடு தாங்காம எரியுது. அதுக்கு மேல ரீலும் காணோம். ஷெரிஃப் ஹேக் அதுவரைக்கும் வ்ரேயை நம்பவே மாட்டேன்னு நின்னவர், அட்டைக்கு அப்புறம் துப்பாக்கியைத் தூக்கிக் குடுக்கறார். நடுவுல வ்ரே என்ன சொன்னான்னு நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எழுதறதுக்குக் கஷ்டமான ஒரு முடிச்சை ஒரே அட்டையில தாண்டிட்டார் ராட்ரிகஸ்.

கார்பன்குச்சி:
ஜோக்குன்னு சொல்லு, கேட்டுக்கறேன். 'அச்சு அசல்'னு சொன்னியே, அதுக்குத்தான் அடி அளக்கறேன். ஒரு செகண்டுக்கு 22 நிமிஷம். பதில் இல்ல.

கத்திரிக்கோல்:
அண்ணே, குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். அந்த நாள்ல நிர்வாண சீன் வர்ற இடத்துல ஆபரேட்டருங்களே நினைவுப் பொருளா வெட்டி வெச்சுக்கறது உண்டு. பிரிண்ட் ஊர் ஊரா போகப் போக அந்த சீன் தேஞ்சுக்கிட்டே வரும். ரெண்டு படத்துலயும் 'காணாம' போற இடம் அப்படிப்பட்ட சீன்தான்னு கவனிங்க. பிளானட் டெரர்ல கட்டில், டெத் ப்ரூஃப்ல கர்ட் ரஸ்ஸலுக்கு ஆடற நடனம். இது எங்கேயும் நடக்காத விஷயம் இல்ல.

கார்பன்குச்சி:
வெட்டற ஆள் எத்தனை அடி வெட்டுவான்? பத்து ஃப்ரேம், மிஞ்சிப்போனா ரெண்டு அடி. ரெண்டு அடிங்கறது ஒண்ணேகால் செகண்டுக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு எந்த மேனேஜர் மன்னிப்பு அட்டை போடுவார்? முழு ரீலையும் சட்டைக்குள்ள வெச்சு வீட்டுக்குக் கொண்டு போனானா? திருட்டு வேற, எரியறது வேற, காணாமப் போறது வேற. மூணையும் ஒரே குழம்புல போட்டுக் கிண்டாதீங்க.

இரண்டாவது_ஆட்டம்:
சரி, ரீல் கடைசிக்கு வரும்போது எரிஞ்சுதுன்னு வெச்சுக்கங்க. அடுத்த ரீல் டப்பாவுல இல்ல. எரியறதும் நடந்துச்சு, காணாமப் போறதும் நடந்துச்சு. தீர்ந்தது வழக்கு.

கார்பன்குச்சி:
தீரல. ரீல் முடியப் போகுதுன்னா வலது மேல் மூலையில வட்டப்புள்ளி வரும். முதல் புள்ளி சுமார் எட்டு செகண்டு முன்னாடி, அதைப் பாத்து ரெண்டாவது மெஷினோட மோட்டாரைப் போடணும். ரெண்டாவது புள்ளி கடைசி ஒரு செகண்டுல, அதைப் பாத்து மாத்தணும். இந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுல சரியா ஃபிலிம் சிக்கி, சரியா அந்த ராத்திரி அடுத்த ரீலும் டப்பாவுல இல்லாம போகணும். உன் வாதம் நிக்க இவ்வளவு தற்செயல் வேணும். அதோட, அடுத்த ரீல் இல்லைன்னு படம் போடறதுக்கு முன்னாடியே ஆபரேட்டருக்குத் தெரியும். டப்பாவைத் திறந்து, ரீல் ஆரம்பத்துல இருக்கற தலைப்பட்டையில நம்பர் பாத்துத்தான் வரிசையா அடுக்குவான். எரிஞ்ச பிறகு திடீர்னு கண்டுபிடிக்க மாட்டான்.

செவனேன்னு_இரு:
22 நிமிஷம் 22 நிமிஷம்னு இந்த இழையே 22 நிமிஷம் ஓடிடும் போல.

டாட்ஜ்_சேலஞ்சர்:
பிளானட் டெரரை வெச்சு ஏன் அடிச்சுக்கறீங்க? அது பேனாவிஷன் ஜெனிசிஸ் டிஜிட்டல் கேமராவுல எடுத்தது. கோடு, அழுக்கு, எரியறது எல்லாம் பின்னாடி கம்ப்யூட்டர்ல ஏத்தினது. செர்ரியா நடிச்ச ரோஸ் மெக்கோவனோட காலே கம்ப்யூட்டர்ல அழிச்சதுதான், அப்புறம் ஃபிலிம் எரிஞ்சா என்ன எரியலைன்னா என்ன. டாரன்டினோ டெத் ப்ரூஃபை 35 எம்.எம். ஃபிலிம்ல, தானே கேமராவைப் பாத்து எடுத்தார். ஸ்டன்ட் நடிகை ஸோயி பெல் 1970 சேலஞ்சர் கார் பானெட் மேல ரெண்டு பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறது நெசம். அதுதான் எழுபதுகளுக்கு மரியாதை.

இரண்டாவது_ஆட்டம்:
வந்துட்டார் டெத் ப்ரூஃப் கட்சிக்காரர். அந்த நெசமான சாகசத்துக்கு முன்னாடி எத்தனை நிமிஷம் பொண்ணுங்க உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்கன்னு அடி அளக்கறவரைக் கேளுங்க. எழுபதுகள்ல நியூயார்க் 42-வது தெருவுல இருந்த மட்டமான தியேட்டர்கள்ல அந்தப் படம் ஓடியிருந்தா சீட்டைக் கிழிச்சிருப்பாங்க.

டாட்ஜ்_சேலஞ்சர்:
சீட்டைக் கிழிக்காம பேசிக்கிட்டே போறதுதான் அந்தக் காலப் படங்களோட லட்சணமே! காசு இல்லாத தயாரிப்பாளர் போஸ்டர்ல கார் மோதலைப் போட்டுட்டு, எழுபது நிமிஷம் ரெண்டு பேரை அறையில உக்கார வெச்சுப் பேச விடுவான். பேச்சுக்கு செலவு இல்ல. டாரன்டினோ அதைத் தெரிஞ்சேதான் பண்ணியிருக்கார். நீங்க கேக்கற மாதிரி நிமிஷத்துக்கு ஒரு வெடி போட்ட படம் அன்னிக்கு யாரு எடுத்தா? பிளானட் டெரர் எழுபதுகளே இல்ல, இசையிலேர்ந்து எல்லாம் எண்பதுகளோட திகில் பட டைரக்டர் ஜான் கார்பென்டர் வாடை.

கத்திரிக்கோல்:
கோடு பத்தி ஒரு விஷயம். பிரிண்ட்ல அடிப்பக்கம், அதாவது வெறும் பிளாஸ்டிக் பக்கம், கீறினா திரையில கருப்புக் கோடு. எமல்ஷன், அதாவது படம் பதிஞ்சிருக்கற பூச்சு, இருக்கற பக்கம் கீறினா கலர் வரும். கலர் பிரிண்ட்ல மெஜென்டா (ஊதா கலந்த சிவப்பு) அடுக்கு மேல, அதுக்குக் கீழ சயான் (பச்சை கலந்த நீலம்), அடியில மஞ்சள். லேசா கீறினா மெஜென்டா மட்டும் போய் பச்சைக் கோடு. இன்னும் ஆழமா போனா மஞ்சள். முழுசா சுரண்டினா வெள்ளை. அதனால ஒரே கோடு ஆழம் கூடக் கூட பச்சையிலேர்ந்து வெள்ளைக்கு மாறும். போலிக் கோடு போடறவங்க பலபேர் எல்லாத்தையும் வெள்ளையாவே போட்டுடுவாங்க.

அதோட, தேய்மானம் ரீலோட தலையிலயும் வாலிலயும்தான் அதிகம். கை படறதும் தரையில இழுபடறதும் அங்கதான். நடு ரீல் பெரும்பாலும் சுத்தமா இருக்கும். கிரைண்ட்ஹவுஸை அந்தக் கணக்குல பாக்கணும்.

கார்பன்குச்சி:
கத்திரிக்கோல் விஷயம் தெரிஞ்சவர். நான் இன்னொண்ணு சேர்த்துக்கறேன். ஒட்டு போட்ட இடம் கேட்டைத் தாண்டும்போது படம் குதிக்கும். சவுண்டு தலை கீழ இருக்கறதால, சுமார் 20 ஃப்ரேம் கழிச்சுத்தான் 'டப்'னு சத்தம். முக்கால் செகண்டுக்கு மேல இடைவெளி. படமும் சத்தமும் ஒண்ணா குதிச்சா அது பிரிண்ட்ல போட்ட ஒட்டு இல்ல, கம்ப்யூட்டர்ல போட்டது. இப்படிச் சின்னச் சின்னதா சரி பாக்கறவன்தான் 'அச்சு அசல்'னு பேசலாம். எரிஞ்ச ரீல் காணாமப் போச்சாம்.

இரண்டாவது_ஆட்டம்:
//எரிஞ்ச ரீல் காணாமப் போச்சாம்//
ஐயா சாமி, போன வருஷம் டெக்னிகலர் இழையிலயும் இப்படித்தான். யாரோ 'பழைய பிரிண்ட் எல்லாம் சிவந்து போயிருக்கும்'னு சொன்னதுக்கு மூணு நாள் பாடம் நடத்தினீங்க. ஈஸ்ட்மேன்கலர்ல சயான் முதல்ல செத்துப் போகும், டெக்னிகலர் சாய பிரிண்ட் சாகாதுன்னு. யாருமே மறுக்காத விஷயத்துக்கு மூணு நாள்.

கார்பன்குச்சி:
மறுத்தது நீதான். இழை இன்னும் இருக்கு, போய்ப் படி.

செவனேன்னு_இரு:
பேசறது இருக்கட்டும், படம் ஏன் படுத்துச்சு? ஈஸ்டர் வார இறுதியில ஏப்ரல் 6 ரிலீஸ், முதல் வாரக் கடைசியில 1.16 கோடி டாலர்தான். 191 நிமிஷம்னா ஒரு திரைக்கு ராத்திரி ரெண்டு ஷோ போடறதே பெரும்பாடு. முதல் படம் முடிஞ்சதும் ஜனங்க எழுந்து வெளிய போயிட்டாங்கன்னு விநியோகஸ்தரே புலம்பினார். ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு படம்ங்கறதே அவங்களுக்கு மறந்து போச்சு.

டாட்ஜ்_சேலஞ்சர்:
அதனாலதான் வெளிநாட்டுல தனித்தனியா வெட்டினாங்க. டெத் ப்ரூஃப் நீட்டின பதிப்பு கான் விழாவுக்கே போச்சு. அதுல காணாமப் போன நடனமும் திரும்பி வந்துடுச்சு. டாரன்டினோ எடுத்து வெச்சுட்டு ஒளிச்சார். பிளானட் டெரர் தனியா வந்தப்பவும் அந்த 'ரீல் காணவில்லை' அப்படியேதான் இருந்தது. நாணயம் யாருக்குன்னு இதுலயே தெரியுது.

இரண்டாவது_ஆட்டம்:
தலைகீழா பேசாதீங்க. ஒளிச்சு வெச்சு அப்புறம் விக்கறது நாணயமா? நடனம் பாக்கணும்னா இன்னொரு டிக்கெட் எடுன்னு சொன்ன மாதிரி இருக்கு. ராட்ரிகஸ் கடைசி வரைக்கும் ஜோக்கை மாத்தல.

கத்திரிக்கோல்:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. டெத் ப்ரூஃப் ஆரம்பத்துல கண் இமைக்கற நேரம் 'தண்டர் போல்ட்'னு தலைப்பு வந்து, டக்குனு கருப்பு அட்டையில 'டெத் ப்ரூஃப்'னு மாறும். ஒரே படத்தைப் பேர் மாத்தி மாத்தி ஊருக்கு ஊர் விக்கற விநியோகஸ்தரோட கைவேலை அது. தலைப்பு வர்ற சில அடியை மட்டும் வெட்டிட்டுப் புதுசு ஒட்டினா போதும். இந்தப் படத்துல உண்மைக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கறது இந்த ஒரு செகண்டுதான்னு நான் சொல்வேன். அதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்க.

கார்பன்குச்சி:
அது சரியா இருக்கு, அதுக்கு நான் என்ன பேசறது? தப்பைத்தான் பேச முடியும். இன்னொரு வேடிக்கையும் சொல்றேன். 191 நிமிஷம்னா நிமிஷத்துக்கு 90 வீதம் 17,190 அடி. 2007-ல அமெரிக்கத் தியேட்டருங்க பெரும்பாலும் எல்லா ரீலையும் ஒண்ணா ஒட்டி பிளாட்டர் தட்டுல ஏத்திதான் ஓட்டினாங்க. கம்ப்யூட்டர்ல போட்ட போலிக் கோட்டு மேல தியேட்டர் போட்ட அசல் கோடும் விழுந்திருக்கும். அந்தத் தட்டுல ஏத்தினா ரீல் மாத்தற பேச்சே இல்ல, ரீல் நடுவுல காணாமப் போகவும் வழியில்ல.

செவனேன்னு_இரு:
கிரைண்ட்ஹவுஸ்ல சேர்த்த போலி டிரெய்லர்களைப் பத்தி யாராவது பேசுங்களேன். எட்கர் ரைட் போட்ட 'டோன்ட்'ல ஒருத்தர்கூட வாயைத் திறந்து வசனம் பேச மாட்டாங்க. பிரிட்டிஷ் உச்சரிப்பு கேட்டா அமெரிக்கன் டிக்கெட் வாங்க மாட்டான்னு அந்தக் கால விநியோகஸ்தருங்க மறைச்சதைக் கிண்டல் பண்ணினது அது. மச்செட்டி 2010-ல முழுப் படமாச்சு, தேங்க்ஸ்கிவிங் 2023-ல வந்துச்சு. மூலப் படத்தைவிட டிரெய்லருக்குத்தான் ஆயுசு கெட்டி.

டாட்ஜ்_சேலஞ்சர்:
டிரெய்லர் இருக்கட்டும். டெத் ப்ரூஃப்ல கர்ட் ரஸ்ஸல் நடிச்ச ஸ்டன்ட்மேன் மைக்கோட ரெண்டாவது கார் 1969 சார்ஜர். போன வாரம் ஒருத்தர் இங்க அதை நோவான்னு எழுதி, இன்னும் திருத்தல. நோவா முதல் பாதியில வர்ற கார். பேரைச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது_ஆட்டம்:
நான்தான்னு நேரா சொல்லிடுங்க. நான் எழுதினது முதல் பாதியைப் பத்தி. படிக்கத் தெரிஞ்சவங்களுக்குப் புரியும். 'அச்சு அசல்'ங்கறதுலயும் நான் நிக்கறேன். மன்னிப்பு அட்டையைப் பாத்துட்டு யாருக்கு 22 நிமிஷக் கணக்கு ஞாபகம் வருது? ஒருத்தருக்கு.

கார்பன்குச்சி:
அந்த ஒருத்தனுக்கு இன்னும் பதில் வரல. எரிஞ்சது ஒரு செகண்டு. மீதி 21 நிமிஷம் 59 செகண்டு யார் கையில இருக்கு?

டாட்ஜ்_சேலஞ்சர்:
முதல் பாதியைப் பத்தி எழுதினவர் ஏன் அங்க ரெண்டாவது பாதியில வர்ற டென்னசி துரத்தலைப் போட்டார்னும் கேட்டுச் சொல்லுங்க.