பாவும் ஊடையும் (நம்ம குடும்பம்)

கதிர்: சீனாவின் ஹைனான் தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ரயில் அப்படியே கப்பலில் ஏறியது! பெட்டிகளைப் பிரித்து, கப்பலுக்குள் வரிசையாகத் தள்ளிவிடுகிறார்கள். பெர்த்தில் படுத்தபடியே கடல் தாண்டினோம்.

அம்மா: ராமேஸ்வரத்துக்கே பாலம் இருக்கிறது. சீனாக்காரனுக்குக் கட்டத் தெரியாதா?

கதிர்: கடல் இங்கே குறுகிய இடத்திலேயே சுமார் 20 கிலோமீட்டர் அகலம், ஆழமும் அதிகம். புயல் வேறு. 2024 செப்டம்பரில் யாகி இந்தத் தீவில்தான் கரையேறியது.

அம்மா: இப்போது புயல் இருக்கிறதா???

தேன்மொழி: அம்மாவிடம் போய் ஏன்டா அதைச் சொன்னாய். சரி, சிக்கன் ரைஸ் ஆச்சா?

கதிர்: வென்சாங் கோழி சாப்பிட்டேன் அக்கா. இங்கிருந்து பிழைக்கப் போனவர்கள் கொண்டுபோன பக்குவம்தான் சிங்கப்பூரில் சிக்கன் ரைஸ் ஆனது. எனக்கு என்னவோ நம்ம சிங்கப்பூர் தேக்கா சந்தைப் பக்கத்துக் கடைதான் பிடிக்கிறது.

சித்தி: ஆச்சி கேட்கிறார், அங்கே வெற்றிலை போடுவார்களா?

கதிர்: போடாமலா! பச்சைப் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. லி மக்கள் பெண் கேட்கப் போனால்கூடப் பாக்கு கொண்டுபோவது வழக்கமாம்.

சித்தி: ஆச்சி சிரிக்கிறார். "நம்ம சனம்தான்" என்கிறார்.

மாமா: லி என்றால் யார் மாப்ளே?

கதிர்: தீவின் பழங்குடிகள் மாமா. 1 கோடிப் பேர் இருக்கும் மாகாணத்தில் இவர்கள் 10 லட்சத்துக்கு மேல். கடற்கரையெல்லாம் சீனர்கள், இவர்கள் ஊர்கள் பெரும்பாலும் நடு மலையிலும் தெற்கிலும். வூசிஷான் மலைப் பக்கம் ஒரு லி பாட்டி நெய்வதைப் பார்த்தேன்.

கதிர்: 📷 படம்

மாமா: காலில் என்ன அது, தறி மிதியா?

கதிர்: மிதி கிடையாது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாவின் (நீளவாக்கு நூலின்) ஒரு முனையைப் பாதத்தால் தள்ளிப் பிடிக்கிறார். மறுமுனை இடுப்புப் பட்டையில். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கிறது, முன்னே வந்தால் தளர்கிறது.

மாமா: அப்போ அந்தம்மா உடம்புதான் தறி. அகலம் வராதே?

கதிர்: வராது. பட்டை பட்டையாக நெய்து, பிறகு சேர்த்துத் தைத்துப் பாவாடை ஆக்குகிறார்கள்.

மாமா: பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் தொங்குகிற துணியில் பூவின் ஓரம் கசிந்த மாதிரி இருக்கிறது. அச்சடித்ததா?

கதிர்: நெய்வதற்கு முன்பே பாவு நூலைக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள்.

மாமா: அடேயப்பா. சுங்குடியில் நெய்த துணியைக் கட்டுவோம். நூலிலேயே கட்டினால் கொஞ்சம் நகர்ந்தாலும் பூ கோணிவிடும். கை பழகியவர்கள்.

கதிர்: சும்மாவா? ஹுவாங் தாவ்போ என்று ஒரு பெண் இவர்கள் ஊரில் பருத்தி வேலை கற்று, 1295 வாக்கில் ஷாங்காய்ப் பக்கம் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். அங்கே அவருக்குக் கோயிலே உண்டு. ஆனால் 2009இல் யுனெஸ்கோ இந்த நெசவை அழியும் நிலையில் உள்ள கலைகளில் சேர்த்தது.

மாமா: பிள்ளைகள் தறிக்கு வரமாட்டார்கள், அதானே. நம்ம தெருவில் மட்டும் என்ன வாழுதாம்.

தேன்மொழி: மாமா, உங்கள் மகனும் இந்தக் குழுவில்தான் இருக்கிறான் 😄

மாமா: தெரிந்துதான் சொன்னேன். மாப்ளே, ஒரு பூவுக்கு எத்தனை இழை தூக்குகிறார் என்று கேள்.

கதிர்: நண்பன் சீனத்தில் கேட்டான், பேத்தி லி மொழியில் கேட்டாள். பாட்டி பதில் சொல்லவில்லை, நெய்தே காட்டினார். வீடியோ அனுப்புகிறேன், நீங்களே எண்ணுங்கள்.

மாமா: இன்றைய நெட் தீர்ந்தது. ராத்திரி தேன்மொழி வீட்டு வைஃபைக்கு வருகிறேன்.

தேன்மொழி: சாப்பாட்டுக்கே வந்துவிடுங்கள் மாமா.

அம்மா: கதிர், புயல் இருக்கிறதா இல்லையா?