ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப் எல்லாம் எப்போ ரிஃப்ளெக்ஸிவ், எப்போ இன்டென்சிவ்? "தூக்கிப் பாரு" ட்ரிக் சில இடத்துல உதைக்குது

குழம்புன_மண்டை:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு எக்ஸாமுக்காக இங்கிலீஷ் கிராமர் படிச்சிட்டு இருக்கேன், ப்ரோனவுன் சாப்டர்ல வந்து நிக்குது வண்டி. மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப், அவர்செல்வ்ஸ், யுவர்செல்வ்ஸ், தெம்செல்வ்ஸ், இந்த எட்டும் மனப்பாடம், அதுல சிக்கல் இல்ல. ரிஃப்ளெக்ஸிவுக்கும் (செய்யறவங்க மேலயே அந்த வேலை திரும்பறது) இதே எட்டுதான், இன்டென்சிவுக்கும் (ஆளை அழுத்தி சொல்றது, சில பேர் எம்ஃபாட்டிக்னு சொல்றாங்க) இதே எட்டுதான், வார்த்தையை பாத்து எதுன்னு சொல்லவே முடியல.

எல்லா நோட்ஸ்லயும் ஒரே ட்ரிக்தான் போட்டிருக்கு: அந்த செல்ஃப் வார்த்தையை தூக்கிட்டு படி, வாக்கியம் நின்னா இன்டென்சிவ், விழுந்தா ரிஃப்ளெக்ஸிவ். "ஷீ ப்ளேம்டு ஹெர்செல்ஃப்", தூக்கினா "ஷீ ப்ளேம்டு", யாரைன்னு கேள்வி தொங்குது, சரி ரிஃப்ளெக்ஸிவ். "தி மேனேஜர் ஹிம்செல்ஃப் ஓப்பன்டு தி டோர்", தூக்கினாலும் நிக்குது, இன்டென்சிவ். இதுவரைக்கும் ஜாலி.

ஆனா "ஹீ வாஷ்டு ஹிம்செல்ஃப்"ல தூக்கினா "ஹீ வாஷ்டு"ன்னு வருது, அதுவும் சரியான இங்கிலீஷ்தானே? அப்போ இன்டென்சிவ்னு போட்டா ஆன்சர் கீல ரிஃப்ளெக்ஸிவ்னு இருக்கு. இன்னொண்ணு, "அவளே சமைச்சா"ங்கறதை "ஷீ குக்டு ஹெர்செல்ஃப்"னு எழுதலாமா கூடாதா? யாராவது மனப்பாடம் இல்லாம புரியற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.


கடைசி_பெஞ்ச்:

ப்ரோ அந்த ட்ரிக்கே முக்கால்வாசி கேள்விக்கு போதும், எக்ஸாம்ல அவ்ளோ நுணுக்கமா கேக்க மாட்டாங்க. "ஷீ குக்டு ஹெர்செல்ஃப்"னு மட்டும் தயவு செஞ்சு எழுதிடாதீங்க, அந்தம்மா தன்னையே கொழம்பு வச்சிட்டாங்கன்னு அர்த்தம் வந்துரும் 😂


சிவப்பு_பேனா:

ட்ரிக் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது ஏன் வேலை செய்யுதுன்னு தெரியாம யூஸ் பண்ணா இப்படித்தான் நடுவுல கழண்டுக்கும். வார்த்தையை தூக்கறதுக்கு பதிலா, அந்த இடத்துல வேற ஒரு ஆளையோ பொருளையோ வச்சுப் பாருங்க. "ஹீ வாஷ்டு ஹிம்செல்ஃப்"ல ஹிம்செல்ஃபுக்கு பதிலா "தி பேபி"ன்னு போட்டா "ஹீ வாஷ்டு தி பேபி", ஜம்முனு உக்காருது, அப்போ அந்த ஹிம்செல்ஃப் ஆப்ஜெக்ட் சீட்டுல உக்காந்திருக்குன்னு அர்த்தம், ரிஃப்ளெக்ஸிவ். "தி மேனேஜர் ஹிம்செல்ஃப் ஓப்பன்டு தி டோர்"ல அதே மாதிரி போட்டா "தி மேனேஜர் தி பேபி ஓப்பன்டு தி டோர்"னு உளறலா வருது, ஏன்னா அங்க சீட்டே கிடையாது, ஹிம்செல்ஃப் சும்மா மேனேஜர் தோள் மேல கை போட்டுட்டு நிக்குது, அது இன்டென்சிவ்.

இப்போ வாஷ் ஏன் உங்களை ஏமாத்துச்சுன்னா, வாஷ், ஷேவ், ட்ரெஸ் மாதிரி சில வெர்ப் ஆப்ஜெக்ட் இல்லாமலே "தன்னைத்தான்"ங்கற அர்த்தத்தை குடுத்துரும். "ஹீ ஷேவ்டு"ன்னா அவன் முகத்தைத்தான் ஷேவ் பண்ணான்னு யாருக்கும் சந்தேகம் வராது. அதனால ஹிம்செல்ஃபை தூக்கினாலும் வாக்கியம் விழாது, ஆனா இருக்கறப்போ அது ஆப்ஜெக்ட்தான்.

"ஷீ குக்டு ஹெர்செல்ஃப்" விஷயமும் இதேதான். குக்குக்கு ஆப்ஜெக்ட் வேணும்னு படிக்கறவன் கண்ணு தேடும், பக்கத்துல ஹெர்செல்ஃப் மட்டும்தான் இருக்கு, அதையே புடிச்சு ஆப்ஜெக்டா உக்கார வச்சிரும். சீட்டை முதல்ல நிரப்பிருங்க: "ஷீ குக்டு இட் ஹெர்செல்ஃப்", "ஷீ குக்டு தி மீல் ஹெர்செல்ஃப்". இப்போ ஹெர்செல்ஃபுக்கு உக்கார இடமில்ல, "அவளே"ங்கற அர்த்தம் மட்டும்தான் மிச்சம்.

எனக்கு ரொம்ப புடிச்ச ஜோடி ஒண்ணு இருக்கு, இதுல தூக்கிப் பாக்கற ட்ரிக் சுத்தமா கைவிட்டுரும்:

"ஐ பாட் மைசெல்ஃப் எ ஷர்ட்."
"ஐ பாட் எ ஷர்ட் மைசெல்ஃப்."

ரெண்டுலயும் மைசெல்ஃபை தூக்குங்க, ரெண்டும் "ஐ பாட் எ ஷர்ட்"னு நல்லா நிக்கும். ஆனா முதல் வாக்கியம் "எனக்குன்னு ஒரு சட்டை வாங்கிக்கிட்டேன்", ரெண்டாவது "நானே போய் சட்டை வாங்கினேன்" (அது யாருக்கான சட்டையா வேணா இருக்கலாம்). வேற ஆளை வச்சுப் பாருங்க, "ஐ பாட் மை ப்ரதர் எ ஷர்ட்" வருது, "ஐ பாட் எ ஷர்ட் மை ப்ரதர்" வராது. முதல்ல இன்டைரக்ட் ஆப்ஜெக்ட், ரிஃப்ளெக்ஸிவ். ரெண்டாவது இன்டென்சிவ்.

தமிழ்ல பேசறவங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, யாரும் அதை சொல்லித் தர்றதில்ல. நமக்கு வேற்றுமை உருபே பதிலை சொல்லிரும். மனசுல தமிழ்ல சொல்லிப் பாருங்க, "என்னையே, எனக்கே, தன்னைத்தானே"ன்னு 'ஐ'யோ 'கு'வோ ஒட்டிக்கிட்டு வந்தா ரிஃப்ளெக்ஸிவ், வெறும் "நானே, அவளே, மேனேஜரே"ன்னு வந்தா பெரும்பாலும் இன்டென்சிவ். ஆனா "நான்தான்"க்கும் "நானே"க்கும் நடுவுல குழம்பிடாதீங்க. "யார் உடைச்சது?"ன்னு கேட்டா "நான்தான்"னு சொல்றோமே, அதுக்கு இங்கிலீஷ்ல "ஐ டிட்" இல்லன்னா "இட் வாஸ் மீ", அங்க மைசெல்ஃபுக்கு வேலையே இல்ல.


குழம்புன_மண்டை:

அந்த சட்டை உதாரணத்துல பல்பு எரிஞ்சிருச்சு சார், நன்றி. அப்படியே இன்னும் ரெண்டு டவுட். "ரவி செட் தட் குமார் ஹேட் ஹர்ட் ஹிம்செல்ஃப்", இதுல அடி ரவிக்கா குமாருக்கா? எனக்கு ரெண்டு மாதிரியும் படுது. அப்புறம் "ஷீ டுக் ஹெர் பேக் வித் ஹெர்"னு ஒரு வாக்கியம் பாத்தேன், பையை எடுத்தவளும் அவதான், கூட இருக்கறவளும் அவதான், அப்போ "வித் ஹெர்செல்ஃப்"னுதானே வரணும்?


நிலா_அக்கா:

தம்பி, அடி குமாருக்குத்தான், இதுல ரெண்டு பேச்சே இல்ல. இங்கிலீஷ்ல ரிஃப்ளெக்ஸிவ் தன்னோட க்ளாஸை (clause, தனக்குன்னு சப்ஜெக்ட், வெர்ப் இருக்கற வாக்கியத் துண்டு) விட்டு வெளிய எட்டிப் பாக்காது, "குமார் ஹேட் ஹர்ட் ஹிம்செல்ஃப்"ங்கறது தனி க்ளாஸ், அதுக்குள்ள சப்ஜெக்ட் குமார், ஹிம்செல்ஃப் அவனைத்தான் புடிக்கும். உனக்கு ரெண்டு மாதிரி தோணுறதுக்கு காரணம் தமிழ்தான், நம்ம ஊர் பேச்சுல "குமார் தன்னை அடிச்சிட்டான்னு ரவி சொன்னான்"னு சொன்னா அடி வாங்கினது ரவின்னுதானே முதல்ல தோணும், நம்ம "தன்னை" க்ளாஸ் எல்லையை தாண்டி வெளிய இருக்கற ரவிகிட்ட போய் சேந்துக்கும். ஹிம்செல்ஃபுக்கு அந்த பாஸ்போர்ட் கிடையாது. அடி வாங்கினது ரவின்னா இங்கிலீஷ்ல "ரவி செட் தட் குமார் ஹேட் ஹர்ட் ஹிம்"னு வெறும் ஹிம்தான் போடணும், அதுலயும் அந்த ஹிம் ரவியா மூணாவது ஆளான்னு முன்ன பின்ன படிச்சாதான் தெரியும், அது வேற விஷயம்.

இதுலயே கொஞ்சம் சூதானமா பாக்க வேண்டிய இடம் ஒண்ணு. "ரவி ஆஸ்க்டு குமார் டு இன்ட்ரடியூஸ் ஹிம்செல்ஃப்", அறிமுகப்படுத்திக்க வேண்டியது குமார். "ரவி ப்ராமிஸ்டு குமார் டு பிஹேவ் ஹிம்செல்ஃப்", ஒழுங்கா இருக்கப் போறது ரவி. வாக்கியம் ரெண்டும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும், ஆனா அந்த "டு"க்கு அப்புறம் வர்ற வேலையை செய்யப் போறது யாருன்னு பாத்தா குழப்பம் போயிரும். "பிஹேவ் யுவர்செல்ஃப்"னு அதட்டுறோமே, அங்க சப்ஜெக்ட் யூ கண்ணுக்கு தெரியாம ஒளிஞ்சிருக்கு, அதான் யுவர்செல்ஃப். நிறைய பேரை அதட்டினா யுவர்செல்வ்ஸ். சாதாரண யூல ஒருமை பன்மை தெரியாது, இங்க மட்டும்தான் தெரியும்.

வித் ஹெர் பத்தி: இடத்தை காட்டற ப்ரெபொசிஷன் வந்தா, யாருன்னு குழப்பமில்லாத பட்சத்துல சாதா ப்ரோனவுனே போதும். "ஹீ லுக்டு பிஹைண்ட் ஹிம்", "ஷீ டுக் ஹெர் பேக் வித் ஹெர்", "தே புட் தி மேப் இன் ஃப்ரண்ட் ஆஃப் தெம்". அதுவே வெர்போடயோ அட்ஜெக்டிவோடயோ ஒட்டின ப்ரெபொசிஷன்னா செல்ஃப் கண்டிப்பா வேணும், "ஷீ டாக்ஸ் டு ஹெர்செல்ஃப்", "ஹீ இஸ் ப்ரவுட் ஆஃப் ஹிம்செல்ஃப்". அங்க போய் "ஷீ டாக்ஸ் டு ஹெர்"னு எழுதினா வேற யாரோ ஒரு பொண்ணுகிட்ட பேசறான்னு ஆயிரும். "பிசைட் ஹெர்"னா அவ பக்கத்துல, "பிசைட் ஹெர்செல்ஃப்"னா துக்கத்துலயோ கோவத்துலயோ நிலை தடுமாறி நிக்கறான்னு அர்த்தம், பக்கத்துல யாரும் இல்ல 🙂

தே வர்றப்போ இன்னொரு குழி: "தே லுக்டு அட் தெம்செல்வ்ஸ்"னா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மூஞ்சியை கண்ணாடியில பாத்தாங்க, "தே லுக்டு அட் ஈச் அதர்"னா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. தமிழ்ல "பாத்துக்கிட்டாங்க"ன்னு ரெண்டுக்கும் ஒரே வால் வர்றதால இதை கவனிக்காம விட்டுருவோம்.


கடைசி_பெஞ்ச்:

அப்போ "மைசெல்ஃப் குமார்"னு இன்ட்ரோ குடுக்கறது? எங்க பாத்தாலும் அதான் ஓடுது


சிவப்பு_பேனா:

அது வேண்டாம். மைசெல்ஃப் தனியா சப்ஜெக்ட் சீட்டுல உக்கார முடியாது. "ஐயம் குமார்" இல்லன்னா "மை நேம் இஸ் குமார்", அவ்ளோதான், இதுக்கு மேல அலங்காரம் தேவையில்ல. ஆபீஸ் மெயில்ல "ப்ளீஸ் காண்டாக்ட் மைசெல்ஃப்"னு எழுதறதும் அதே கேஸ், சப்ஜெக்ட் நான் இல்லையே, "காண்டாக்ட் மீ"ன்னு எழுதுங்க, மீங்கறது மரியாதை கொறைஞ்ச வார்த்தை ஒண்ணும் இல்ல.


பழைய_ஏடு:

மேல சொன்னதுல சின்னதா ஒரு திருத்தம் வைக்கலாமான்னு பாக்கறேன். "ரவி அண்ட் மைசெல்ஃப்", "பீப்பிள் லைக் மைசெல்ஃப்" மாதிரி இடங்கள்ல நல்ல எழுத்தாளர்களே பல நூற்றாண்டா மைசெல்ஃப் போட்டிருக்காங்க, அதனால எல்லாத்தையும் ஒரே அடியா தப்புன்னு தள்ளிட முடியாது. "லைக் மைசெல்ஃப்", "ஆஸ் ஃபார் மைசெல்ஃப்" எல்லாம் இப்பவும் சகஜம். ஆனா எக்ஸாம்ல "ரவி அண்ட் மைசெல்ஃப்" வந்தா தப்புன்னுதான் எதிர்பார்ப்பாங்க, அங்க போய் வரலாறு பேசினா மார்க் போயிரும்.

வரலாறுன்னதும் ஒண்ணு சொல்லிடறேன், இந்த ரெண்டு வகைக்கும் ஒரே எட்டு வார்த்தை ஏன்னு கேட்டீங்களே அதுக்கு இதான் பதில். கிட்டத்தட்ட 1100 வரைக்கும் பேசப்பட்ட பழைய இங்கிலீஷ்ல ரிஃப்ளெக்ஸிவுக்குன்னு தனி வார்த்தையே கிடையாது, சாதாரண ஹிம்மே "அவனை"க்கும் "தன்னை"க்கும் ஓடிட்டு இருந்துச்சு. செல்ஃபுங்கறது அழுத்தம் குடுக்க சேத்துக்கற வார்த்தை. "அவனை, வேற யாரையும் இல்ல அவனையேதான்"னு அழுத்தி சொல்லி சொல்லி, அந்த ஹிம் செல்ஃப் ஒட்டிப் போய் ரிஃப்ளெக்ஸிவ் வேலையையும் எடுத்துக்கிச்சு. ஆக இன்டென்சிவ்தான் மூத்தது.


நிலா_அக்கா:

நல்ல தகவல் அண்ணே. இதோட என்ஜாயையும் சேத்துக்கோ தம்பி, நம்மாளுங்க அதிகமா வழுக்கற இடம் அதான். "வீ என்ஜாய்டு எ லாட்"னு விட்டுருவோம், என்ஜாய் ஆப்ஜெக்ட் கேக்கற வெர்ப், எதையாவது என்ஜாய் பண்ணணும், ஒண்ணும் இல்லன்னா "வீ என்ஜாய்டு அவர்செல்வ்ஸ்". "ஷீ ப்ரைட்ஸ் ஹெர்செல்ஃப் ஆன் ஹெர் வொர்க்", "ஹீ ஆப்சென்டட் ஹிம்செல்ஃப் ஃப்ரம் தி மீட்டிங்", இதெல்லாம் செல்ஃப் இல்லாம நிக்கவே நிக்காது. நேர்மாறா ஃபீல், ரிலாக்ஸ், கான்சன்ட்ரேட் மூணுக்கும் செல்ஃப் ஒட்டாதே, "ஐ ஃபீல் குட்" போதும், "ஐ ஃபீல் மைசெல்ஃப் குட்" வேண்டாம்.


குழம்புன_மண்டை:

எல்லாருக்கும் நன்றி. நானா மூணு வாக்கியம் எழுதியிருக்கேன், செக் பண்ணுங்களேன்.
1. "ஐ ஸ்போக் டு தி மேனேஜர் ஹிம்செல்ஃப்", இன்டென்சிவ்.
2. "ஐ ஸ்போக் டு தி மேனேஜர் மைசெல்ஃப்", இதுவும் இன்டென்சிவ்.
3. "ஹீ டிட் தி வொர்க் பை ஹிம்செல்ஃப்", இன்டென்சிவ்.


சிவப்பு_பேனா:

முதல் ரெண்டும் சரி, அர்த்தம் மட்டும் வேற வேற. ஒண்ணாவதுல மேனேஜர்கிட்டயே பேசினீங்க, அவருக்கு கீழ இருக்கறவங்ககிட்ட இல்ல. ரெண்டாவதுல பேசினது நீங்களே, உங்களுக்காக வேற யாரும் போகல. மூணாவதுல "பை"ன்னு ஒரு ப்ரெபொசிஷன் இருக்கு பாருங்க, ஹிம்செல்ஃப் அதோட ஆப்ஜெக்ட், அதனால அது ரிஃப்ளெக்ஸிவ் கணக்குல போகும். "பை ஹிம்செல்ஃப்" மொத்தமா சேந்து "தனியா" அல்லது "யார் உதவியும் இல்லாம"ன்னு அர்த்தம் குடுக்கும். அந்த "பை"யை தூக்கிட்டு "ஹீ டிட் தி வொர்க் ஹிம்செல்ஃப்"னு எழுதினா அது இன்டென்சிவ்.