நல்லா ஓடுற சீரியலை ஏன் இரவு 10 மணிக்குத் தள்ளுறாங்க? ஸ்லாட் போடுறதுக்குப் பின்னாடி என்ன கணக்கு?

சாளரம்77 கேட்டது:

சன், விஜய், ஜீ தமிழ் மூணுலயும் மாலை 6-லிருந்து 10:30 வரை அரைமணி அரைமணியா சீரியல். வெளியே பார்த்தா ஒரே அச்சு. உள்ளே ஓயாம இடம் மாத்திக்கிட்டே இருக்காங்க. நாலு வருஷமா ஓடுற தொடரை 10 மணிக்குத் தள்ளிட்டு, பேரே தெரியாத புதுத் தொடரை 8:30-க்குக் கொண்டு வர்றாங்க. திடீர்னு ரெண்டு தொடரோட குடும்பத்தையும் ஒரே கல்யாண மண்டபத்துல சேர்த்து "மகா சங்கமம்" போடுறாங்க. இதையெல்லாம் யார், எதை வச்சு முடிவு பண்றாங்க? "டிஆர்பிக்காக" அப்படிங்கற ஒத்தை வார்த்தைப் பதில் வேண்டாம். அந்த டிஆர்பி எப்படி ஸ்லாட்டா மாறுதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கட்டம்போடுபவன்:

சேனல் உள்ளே இதுக்கு எஃப்பிசின்னு (ஃபிக்ஸட் பாயிண்ட் சார்ட்) ஒரு தாள் உண்டு. ஏழு நாள் குறுக்கே, அரைமணிக் கட்டம் நெடுக்கே. ஒவ்வொரு கட்டத்திலயும் போன நாலு வார ரேட்டிங், எதிர் சேனல்ல அதே நேரத்துக்கு என்ன ஓடுது, எத்தனை எபிசோட் முன்கூட்டியே எடுத்துக் கையிருப்பா இருக்கு, மூணும் குறிச்சிருக்கும். கூட்டத்துல மேஜை மேல கிடக்கிறது அந்தத் தாள்தான். கதை நல்லா இருக்கா இல்லையாங்கற பேச்சு அதுக்கு அப்புறம்தான்.

உங்க முதல் கேள்விக்கு வர்றேன். ஒரு தொடரோட ரேட்டிங்ல கணிசமான பங்கு அதுக்கு முந்தின தொடருடையது. 8 மணித் தொடரைப் பார்த்தவங்க ரிமோட்டைத் தொடாம உட்கார்ந்திருந்தா 8:30-க்குப் பாதி வேலை முடிஞ்சது. புதுத் தொடருக்குன்னு சொந்த ஆள் கிடையாது, அதனால கூட்டம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கற இடத்துல கொண்டுபோய் வைக்கணும். நாலு வருஷத் தொடருக்குச் சொந்த ஆள் இருக்காங்க, 10 மணிக்குப் போனாலும் தேடி வருவாங்க. 10 மணில பழசை வச்சா அந்தக் கட்டம் காலியாகாது, 8:30-ல புதுசை வச்சா அது வளரும். மாத்தி வச்சா ரெண்டுமே சாகும். பழைய தொடருக்கு இது தண்டனை மாதிரித் தெரியும். பல நேரம் அப்படி இல்ல.

புதுசை வைக்கும்போது மேலயும் கீழயும் பார்ப்பாங்க. ரெண்டு பலமான தொடருக்கு நடுவுல சொருகுறது பழைய வழி. 8-ம் 9-ம் வலுவா இருந்தா 8:30 பாதுகாப்பான தொட்டில். ஒரே ஒரு வலுவான தொடர்தான் கையில இருக்குன்னா அதை நடுவுல நிறுத்தி, அது தொடங்குறதுக்கு முந்தின கட்டத்திலயும் முடிஞ்ச அடுத்த கட்டத்திலயும் பலவீனமானதைக் கட்டுவாங்க.

இன்னொண்ணு, யாரும் கவனிக்காதது: 9 மணி அடிக்கும்போது திரையில விளம்பரம் ஓடக் கூடாது. 8:30 தொடரோட கடைசிக் காட்சி, உறைஞ்ச முகம், நாளைய முன்னோட்டம், உடனே அடுத்த தொடரோட முன்கதை. முதல் பிரேக் அஞ்சாறு நிமிஷம் கழிச்சுத்தான். எதிர் சேனல்ல 9 மணிக்கு பிரேக் ஓடுதுன்னா நம்ம கதை அப்போ ஓடணும். அதனாலதான் சில தொடர் 8:58-க்கே ஆரம்பிச்சுடும்.

மீட்டர்வீடு:

டிஆர்பி என்பதைப் பலரும் "எத்தனை பேர் பார்த்தார்கள்" என்றே புரிந்துகொள்கிறார்கள். அது பாதிதான். எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது மறுபாதி.

பத்துப் பேர் உள்ள ஊர், 30 நிமிடத் தொடர் என்று வையுங்கள். 4 பேர் முழுவதும் பார்க்கிறார்கள், 2 பேர் 15 நிமிடம் மட்டும், மீதி 4 பேர் பார்க்கவே இல்லை. பார்த்த நிமிடங்கள் 120 + 30 = 150. பார்த்திருக்கக்கூடிய மொத்தம் 300. ரேட்டிங் 50 சதவீதம். எட்டிப் பார்த்தவர்களோ 60 சதவீதம். இப்போது அந்த இரண்டு பேரும் கடைசி வரை உட்கார்ந்தால் 180-ஐ 300-ஆல் வகுத்து 60. புதிதாக ஒருவர்கூட வரவில்லை, ரேட்டிங் 10 புள்ளி ஏறிவிட்டது. மேலே சொன்ன பிரேக் வித்தையெல்லாம் இந்த இரண்டு பேரைப் பிடித்து வைக்கத்தான். அரைமணிக் கட்டம் முழுவதற்கும் ரேட்டிங் போடும்போது விளம்பர நிமிடங்களும் கணக்கில் சேரும் என்பதால் நீண்ட பிரேக் இரட்டை அடி: எழுந்து போகிறவர்களும் கூடுவார்கள், அவர்கள் இல்லாத நிமிடங்களும் கூடும்.

அளப்பது பார்க் (BARC) என்ற பார்வையாளர் அளவீட்டு அமைப்பு. 2015 ஏப்ரலில் இருந்து தரவு வெளியிடுகிறது. அதற்கு முன் இந்த வேலையைச் செய்தது டாம் (TAM) நிறுவனம். சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறி பதிந்திருக்கும், வீட்டில் வைத்த கருவி அதைப் படிக்கும். வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்று அவரவர் பொத்தானை அழுத்த வேண்டும். இந்தியா முழுக்க 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வாரம் என்பது சனி முதல் வெள்ளி வரை, தரவு அடுத்த வியாழக்கிழமை. ஆகவே திங்களன்று தொடங்கிய தொடரின் முதல் ஐந்து நாள் கணக்கு பத்தாம் நாளுக்கு மேல்தான் கைக்கு வரும். அதைப் பார்த்துக் கதையைத் திருப்பினால் அது திரைக்கு வர மேலும் ஒன்றிரண்டு வாரம். ஒரே வார எண்ணைப் பார்த்துப் பதறி மாற்றும் சேனல் ஏற்கெனவே முடிந்துபோன பிரச்சினைக்கு மருந்து கொடுக்கிறது.

2015 அக்டோபரில் கிராமப்புற வீடுகளும் கணக்கில் வந்தன. அதுவரை நகர எண்களை வைத்தே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய திருப்பம். ஊர்ப்புறத்தில் சீக்கிரம் சாப்பிட்டுப் படுக்கிற வீடுகள் அதிகம். மாலை 6, 6:30, 7 கட்டங்களைச் சும்மா கடந்துபோகிற நேரமாக நினைக்க முடியாமல் போனது.

பத்துவினாடி:

ரெண்டு பேரும் பணத்தைத் தொடவே இல்லை. நான் தொடுறேன்.

விளம்பரம் 10 வினாடி அலகில் விற்கும். கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி மணிக்கு 12 நிமிஷம்: 10 விளம்பரம், 2 சொந்த புரோமோ. இதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கறாராக்கப் போய் 2013-லயே டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது தனிக் கதை. விதிப்படியே வச்சுக்கிட்டா அரைமணிக்கு 5 நிமிஷம், அதாவது 30 அலகு. வாரம் ஆறு நாள் ஓடினா 180 அலகு.

பேச்சுக்கு ஒரு விலை போடுவோம். 8:30-ல அலகு 30,000 ரூபாய்னா வாரம் 54 லட்சம். 10 மணில 12,000-ன்னா 21.6 லட்சம். ஒரு எபிசோட் எடுக்கற செலவு ரெண்டு கட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்போ 8:30-ல ஒரு புள்ளி ஏறினா வர்ற காசு, 10 மணில ஒரு புள்ளி ஏறினா வர்றதைவிட ரொம்ப அதிகம். ஏற வாய்ப்புள்ள தொடரை விலை கூடின கட்டத்துல வைக்கிறாங்க. நாலு வருஷத் தொடர் ஏறி முடிச்சாச்சு.

விளம்பரதாரர் பார்க்கறது ஒரு புள்ளிக்கு என்ன விலை அப்படிங்கறதை. அலகு 30,000, ரேட்டிங் 6-ன்னா புள்ளி 5,000. ரேட்டிங் 4-க்கு இறங்கினா 7,500. உடனே விளம்பர ஏஜென்சி போன் பண்ணி ஈடு கேட்கும், இலவசமா கூடுதல் விளம்பர ஸ்பாட் கொடுக்கணும். அது விற்கவேண்டிய 30 அலகுல இருந்தே போகும். அதனால விற்பனைப் பிரிவு தீபாவளிக்கு முந்தின வாரங்கள்ல எந்தக் கட்டத்தையும் தொட விடாது. துணிக்கடை, நகைக்கடை எல்லாம் அந்தக் கட்டத்தை நம்பிப் பணம் கட்டியிருக்கும்.

கட்டம்போடுபவன் சொன்னதுல ஒரு திருத்தம். "தேடி வருவாங்க" எப்பவும் நடக்காது. நகர்த்துறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே கீழ ஓடும் வரி, தொடர் முடியறப்போ அறிவிப்பு, பழைய நேரத்துல ரெண்டு வாரம் "இப்போது இரவு 10 மணிக்கு" கார்டு, மூணும் வேணும். ஒரு தடவை நகர்த்தினா தாங்கும். ஆறு மாசத்துல ரெண்டு தடவை நகர்த்தின தொடரை வயசானவங்க தேட மாட்டாங்க, கையில இருக்கற நேரத்துல என்ன ஓடுதோ அதுக்குப் பழகிடுவாங்க.

சாளரம்77:

அருமைங்க. மகா சங்கமம் மட்டும் பாக்கி. அப்புறம் கையிருப்புன்னு ஒருத்தர் சொன்னாரே, அது எதுக்கு ஸ்லாட் கூட்டத்துக்கு வருது?

கால்ஷீட்:

கையிருப்பு இல்லாதவன் ஸ்லாட்டைப் பத்திப் பேசவே முடியாதுங்க, அதான்.

வாரம் அஞ்சு நாள் தொடர்னா வருஷம் 260 எபிசோட், ஆறு நாள்னா 312. திங்கள்–வெள்ளியை திங்கள்–சனி ஆக்கினா 52 எபிசோட் கூடுது. சும்மா ஒரு நாள் இல்ல, ஒரு யூனிட்டுக்கு ரெண்டு மாசம் ஷூட்டிங். ஒரு எபிசோட்ல கதை ஓடறது 20–22 நிமிஷம், நல்ல யூனிட் ஒரு நாளைக்கு ஒண்ணு எடுக்கும். மழை, நடிகர் தேதி, ஷூட்டிங் நடக்கற வீட்டோட ஓனர் பிரச்சினை எல்லாம் போக அது ஒண்ணுக்குக் கீழதான் நிக்கும். புதுத் தொடர் 15, 20 எபிசோட் கையில வச்சுக்கிட்டு இறங்கறது நல்லது. ஓடத் தொடங்கின பிறகு அது தேயும். மூணுக்குக் கீழ போனா காலைல எடுத்து ராத்திரி ஒளிபரப்புற நிலைமை.

அப்படி ஆன தொடரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். முன்கதை ரெண்டரை நிமிஷம் நீளும். ஒரே அதிர்ச்சிக்கு ஒன்பது முகம், ஒவ்வொண்ணுக்கும் மூணு தடவை இடி. பழைய காட்சிகளை நினைச்சுப் பார்க்கற பாட்டு. நடிகர் விலகிட்டா கதையில வெளியூர் அனுப்பி எழுத நேரமில்லாம "இவருக்குப் பதில் இவர்" கார்டு. இந்த வாரங்கள்ல ரேட்டிங் விழும், விழுந்ததும் "ஸ்லாட் மாத்தலாமா"ன்னு கேட்பாங்க. ஸ்லாட்ல ஒரு கோளாறும் இருக்காது, கையிருப்புதான் காலி. 2020 ஊரடங்குல எல்லாருக்கும் கையிருப்பு ஒரே சமயத்துல தீர்ந்தது. மெட்டி ஒலி மாதிரி பழசெல்லாம் திரும்ப ஓடினது அப்போதான்.

மகா சங்கமம்: பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல இருக்கற ரெண்டு தொடரை ஒரு மணி நேரமா ஒட்டுறது. ஒண்ணு பலம், ஒண்ணு பலவீனம். நடுவுல எழுந்து போற வாசலே இருக்காது. பலவீனமான தொடரோட பாத்திரங்களை, அதை ஒருநாளும் பார்க்காதவங்க ஒரு வாரம் பார்த்துப் பழகுவாங்க. எதிர் சேனல் புதுத் தொடர் இறக்கற வாரத்துல இதைப் போட்டா அங்கே எட்டிப் பார்க்கறது குறையும்.

சொதப்பறது எங்கேன்னா, ரெண்டு யூனிட்டும் ஒரே இடத்துல நிக்கும், இருபது இருபத்தஞ்சு நடிகர் தேதி ஒத்துப்போகணும், ரெண்டு தொடரோட கையிருப்பும் சேர்ந்து கரையும். சங்கமம் முடிஞ்ச திங்கட்கிழமை பலவீனமான தொடர்ல புது முடிச்சு தயாரா இல்லைன்னா, வந்தவங்க வந்த வழியே போயிடுவாங்க. முந்தின வாரம் ஏறின ரேட்டிங் அடுத்த வாரமே இறங்கிடும். முடிச்சை முதல்ல எழுதி வச்சுட்டு அப்புறம் மண்டபம் பிடிக்கணும். பெரும்பாலும் தலைகீழாத்தான் நடக்குது.

பழைய ஆன்டெனா:

இது எல்லாமே சேனல் நினைத்தால் நகர்த்தலாம் என்ற காலத்துப் பேச்சு. ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1993 ஏப்ரல் 14-ல் தொடங்கிய சன் டிவியில் தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணம் கட்டி நேரத்தை வாங்குவார். அதற்குள் வரும் விளம்பர வினாடிகளை அவரே விற்றுக்கொள்வார். ரேட்டிங் விழுந்தால் முதல் அடி அவருக்கு. அந்தக் கட்டத்தின் விளம்பரத்தை விற்றுப் பிழைக்கிறவர் அதை எளிதில் விட்டுக் கொடுப்பாரா? கோலங்கள் 2003 முதல் 2009 வரை 1,500 எபிசோடைத் தாண்டி ஓடியதற்குக் கதை மட்டும் காரணமில்லை, இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பது என் கட்சி. சேனலே காசு கொடுத்துத் தயாரிக்கச் சொல்லும் முறை வந்த பிறகுதான் கட்டங்களைச் சதுரங்கக் காய் மாதிரி நகர்த்த முடிந்தது.

பார்வையாளரை உருவாக்குவது பற்றி யாரும் பேசவில்லை, விஜய்தான் அதற்கு நல்ல பாடம். சீரியலில் சன்னோடு மோதித் தோற்பதற்குப் பதிலாக, சீரியல் பார்க்காதவர்களைக் குறிவைத்தார்கள். 2005-ல் கலக்கப்போவது யாரு, 2006-ல் சூப்பர் சிங்கரும் நீயா நானாவும். கல்லூரிப் பிள்ளைகளும் ஆண்களும் வந்தார்கள். மொத்த எண் சிறியது, ஆனால் அந்த வயதுக்காரர்களுக்கு விற்கும் கம்பெனிகள் தேடி வந்தன. வார இறுதியில் வந்து பழகிய கூட்டத்திடம் வாரநாள் தொடர்களுக்கு புரோமோ காட்டினார்கள். 2011-ல் சரவணன் மீனாட்சி, 2018-ல் பாண்டியன் ஸ்டோர்ஸ் என்று வாரநாட்களும் மெல்ல நிரம்பின. சொந்தத் திரையில் புரோமோ போட்டால் அதைப் பார்க்க முதலில் அங்கே ஆள் இருக்க வேண்டும் அல்லவா? ஞாயிறு மாலை சன் டிவி படம் போடுவதிலும் இதே கணக்கு உண்டு. படத்தின் நடுவே வரும் திங்கட்கிழமை சீரியல் புரோமோவை எண்ணிப் பாருங்கள்.

சாளரம்77:

கடைசியா ஒண்ணு. பிக் பாஸ் வந்தா என்ன ஆகும்?

கட்டம்போடுபவன்:

2017-லிருந்து ஒவ்வொரு சீசனும் ஏறக்குறைய நூறு நாள் இரவுல ஒரு மணி நேரத்தை எடுத்துக்குது. அங்கே இருந்த ரெண்டு தொடருக்கும் மூணே வழி: முன்னாடி தள்ளு, மதியத்துக்கு அனுப்பு, முடிச்சு வை. பிரச்சினை அது வரும்போது இல்ல, முடியும்போதுதான். நூறு நாள் பழகின கூட்டம் அதே நேரத்துக்கு வரும், அங்கே என்ன வைக்கப் போறேன்னு கடைசி மாசம் யோசிச்சா தாமதம். இறுதிப் போட்டி ஓடும்போதே அந்த நேரத்துக்கான புதுத் தொடரோட புரோமோ ஓடணும், மறுநாளே ஆரம்பிக்கணும். ஒரு வாரம் பழைய படம் போட்டு இடைவெளி விட்டா போச்சு.

இன்னும் ஆர்வம் இருந்தா வீட்டிலயே ஒண்ணு செஞ்சு பாருங்க. நிமிஷவாரித் தரவு சந்தா கட்டினவங்களுக்கு மட்டும்தான், வெளியே வர்றது வாராந்திர முதல் அஞ்சு பட்டியல். ஆனா ஒரு வாரம் 7:55-லிருந்து 9:05 வரை ரெண்டு சேனல்லயும் பிரேக் எத்தனை மணிக்குத் தொடங்கி எப்ப முடியுதுன்னு நோட்டுல எழுதலாம். ரெண்டு டிவியோ, ஒரு டிவியும் ஒரு போனும் போதும். போன்ல ஓடறது சில வினாடி பின்தங்கும், அதைக் கழிச்சுக்கோங்க.